மேற்கோளும் ஏதுவும்

நண்பர்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயத்தை அச்சுக்குக் கொண்டுவருவது முறையல்ல என்று எனக்குச் சொல்லப்பட்டது. பேசிப் பார்த்தாயிற்று. தீரவில்லை. தவிரவும், இது கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆறு பேருடைய விவகாரம் மட்டுமல்ல. இந்தப் பத்திரிகையைப் படிக்கிற கொஞ்சம் பேரில் பாதிப் பேராவது இதே காரியத்தைச் செய்துகொண்டிருப்பவர்கள்தான். ஆகவே எழுதுகிறேன்.

காரியம் இதுதான். கனமான சமய சாஸ்திர நூல் ஒன்றிலிருந்து ஒரு பத்தியைப் பெயர்த்து நண்பனுக்கு அனுப்புவது. முன்பு இன்லண்டு கடிதத்தில் நுணுக்கி எழுதினோம். இப்போது பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பிவிடுகிறோம். சிவஞான சித்தியாரில் ஒரு விருத்தம், ஈட்டில் நாலு வரி, தாமஸ் அக்குவினாஸில் ஒரு வாக்கியம், கார்ல் பார்த்தில் அரைப் பக்கம். பெற்றுக்கொண்டவர் 'அபாரம்' என்கிறார். மறுநாள் அவர் ஒன்று அனுப்புகிறார். நாம் 'அபாரம்' என்கிறோம். இப்படியாக வருஷங்கள் போகின்றன. அந்த 'அபார'ங்களில் என் பங்கு சிறிதல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவர்கூட 'இது எதற்குப் பதில்?' என்று கேட்டதில்லை. என் புகார் முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

'மேற்கோள்' என்ற சொல்லை நாம் இன்று எந்த அர்த்தத்தில் வழங்குகிறோம்? பிறர் சொன்னதை எடுத்துக் காட்டுவது. மெய்கண்டார் திருவெண்ணெய்நல்லூரில் உட்கார்ந்து சிவஞானபோதம் செய்தபோது அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருந்தது. பன்னிரண்டு சூத்திரம், நாற்பது அடி; அவ்வளவுதான் மூலம். ஆனால் அவர் அதை அப்படியே விட்டுவிட்டுப் போகவில்லை. சூத்திரத்தைக் கூறுகூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றையும் 'மேற்கோள்' என்று நிறுத்தினார். அதன் கீழே 'ஏது' வந்தது. ஏதுவின் கீழே எடுத்துக்காட்டாக ஒரு வெண்பா வந்தது. மேற்கோள் என்றால் நான் மேற்கொள்கிற கட்சி; அதை நிலைநாட்டும் கடன் எனக்கு இருக்கிறது என்று பொருள். ஏது சொல்லாதவன் மேற்கோளைச் சொல்லவே அருகதையில்லாதவன். எழுநூறு வருஷத்துக்குள் அதே சொல் கடனைக் கழற்றி வைத்துவிட்டு அலங்காரமாகிவிட்டது. சொல் தேய்ந்தது என்று மொழிநூல்காரர்கள் சமாதானம் சொல்லலாம். தேய்ந்தது சொல் மட்டும்தானா என்பதே என் சந்தேகம்.

சாஸ்திர நூல்கள் அடர்த்தியாக இருப்பதற்குக் காரணம் அவற்றை எழுதினவர்களுக்கு மறைத்துப் பேசுவதில் இருந்த மோகம் அல்ல. அவர்கள் தனியாக இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் ஒரு எதிராளி உட்கார்ந்திருக்கிறான். அருள்நந்தி சிவாச்சாரியார் சித்தியாரை இரண்டு பாகமாகச் செய்தார். சுபக்கம் தன் கட்சி. பரபக்கம் பிறர் கட்சி. உலகாயதனில் தொடங்கி, பௌத்தரில் நால்வர், சமணர், மீமாம்சகர், மாயாவாதி என்று போய்ப் பாஞ்சராத்திரி வரை பதினாலு பேரை நிறுத்தி, முதலில் அவன் மதத்தை அவன் வாயாலேயே பேசவைக்கிறார். பிறகுதான் மறுதலை. பரபக்கம் 301 பாட்டு, சுபக்கம் 328. தன் கட்சிக்குக் கொடுத்த இடத்துக்கு ஏறக்குறைய சமமான இடத்தை எதிர்க்கட்சிக்கு ஒதுக்கிய மனிதர் அவர். (நம் பத்திரிகைகளில் எதிர்வினைக்கு ஒதுக்கப்படும் இடத்தை இதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.) அவருக்குப் பின் வந்த உமாபதி சிவம், 1313-ல் செய்த சங்கற்ப நிராகரணத்தில், எதிராளிகளை ஒருவரையொருவரே மறுக்க வைத்து வேடிக்கை பார்த்தார்.

நாம் என்ன செய்கிறோம்? சுபக்கத்தை மட்டும் வாங்குகிறோம். அதற்கு அறுவர் உரை இருக்கிறது. அதிலிருந்தும் ஒரு பாட்டை மட்டும் பெயர்க்கிறோம். எதிராளியின் குரல் நின்றுபோன இடத்தில் அந்தப் பாட்டு அசரீரி மாதிரி ஒலிக்கிறது. அசரீரியிடம் யாரும் ஏது கேட்பதில்லை.

எங்கள் குழுவில் ஒரு கவிஞர். ஒரு தடவை அக்குவினாஸிலிருந்து ஒரு பத்தியை அனுப்பினார். கடவுள் எல்லையற்ற நன்மை என்றால் தீமைக்கு இடமே இருக்கக் கூடாது. தீமையோ கண்ணெதிரே இருக்கிறது. ஆகவே கடவுள் இல்லை என்று போயிற்று அந்தப் பத்தி. கூடவே 'ஒரு துறவியின் இருண்ட இரவு' என்று தன் வாசகம் ஒன்றையும் சேர்த்திருந்தார். எல்லோரும் நெகிழ்ந்தோம். நானும்தான். பிறகு ஒரு நாள் நூலையே புரட்டிப் பார்த்தால், அது அக்குவினாஸின் கட்சியே அல்ல. அவர் மறுப்பதற்காக முதலில் நிறுத்திய ஆட்சேபம். அவருடைய பெருநூலின் அமைப்பே அதுதான். கேள்வி, ஆட்சேபங்கள், எதிர்ச்சான்று, தன் பதில், கடைசியில் ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் தனித்தனி மறுமொழி. எதிராளியின் வாயிலிருந்து வந்ததை எடுத்து ஆசிரியரின் வாயில் வைத்திருந்தோம். அந்த நூலின் பெயர் 'சும்மா' என்று தொடங்குவதால் அதைச் சும்மா சுற்றுக்கு விடலாம் என்று நினைத்துவிட்டோமோ என்னவோ.

அந்த இடத்தில் இரண்டாவது ஆட்சேபம் ஒன்றும் இருக்கிறது. எல்லாவற்றையும் இயற்கையாலும் மனித சங்கற்பத்தாலும் விளக்கிவிட முடிகிறபோது கடவுள் எதற்கு என்பது அது. ஏறக்குறைய அதே நூற்றாண்டில், பெண்ணையாற்றங்கரையில், அருள்நந்தி எதிர்கொள்ளும் வாதமும் இதுவே: இன்பதுன்பம் இயல்பாக வருகிறது, அல்லது அவனவன் முயற்சியால் வருகிறது, இருவினை என்று ஒன்று எதற்கு? இத்தாலியில் ஒருவரும் திருத்துறையூரில் ஒருவரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே எதிராளிக்கு ஆசனம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இரண்டு பேரின் பதிலையும்விட இந்த ஆசனம் பெரிதாகப் படுகிறது. பத்தி பெயர்க்கிற நமக்கு முதலில் கைநழுவிப் போவதும் அதுதான்.

இவ்வளவும் ரசனை சம்பந்தப்பட்ட குறை என்றால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். 2024 ஜூன் மாதம் வரை அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.

அந்த மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை எல்லோரும் அறிவார்கள். மெத்தனால் கலந்த சாராயம். அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். பாடைகள் ஒரே தெருவிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்ட அந்த நாட்களில் ஒரு காலை, எங்கள் நண்பர் ஒருவர் சித்தியாரின் இரண்டாம் சூத்திரத்திலிருந்து ஒரு பாட்டை அனுப்பினார். மனிதனுக்கு வரும் லாபநஷ்டம், சுகம், நோய், மூப்பு, மரணம் ஆகியவை கருவிலேயே அமைந்துவிட்டன என்று சொல்லும் பாட்டு. விளக்கம் ஏதும் இல்லை. பாட்டு மட்டும். வழக்கம்போல இரண்டு 'அபாரம்' வந்தது.

அவர் கெட்ட மனிதர் அல்ல. துக்கத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் கைக்குக் கிடைத்த பெரிய சொல்லைப் பிடித்துக்கொண்டார் என்பதே உண்மை. ஆனால் அந்தக் காலையில் அந்தப் பாட்டு என்ன வேலை செய்தது? ஆறுதல் சொல்லவில்லை, தீர்ப்புச் சொல்லிற்று. செத்தவன் தன் வினையால் செத்தான், ஆகவே நாம் காப்பியைக் குடித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டலாம் என்றது.

எங்களில் ஒருவர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம், பள்ளி ஆசிரியர். சாஸ்திரம் படித்தவர் அல்ல. கவிதைக்காக எங்களோடு சேர்ந்தவர். அவர் ஒரு வரி பதில் எழுதினார். "சார், இதுக்கு ஏது என்ன?" சித்தாந்தப் பரிபாஷையில் கேட்கவில்லை, அந்தச் சொல்லை நான்தான் எப்போதோ அவருக்குச் சொல்லியிருந்தேன். யாரும் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து இன்னொரு வரி வந்தது. "இங்க மலையில எல்லாரையும் சந்தேகமாப் பாக்குறாங்க. எம் பசங்களோட அப்பனுங்க எந்தக் கருவில தப்புப் பண்ணினானுங்க?" அதற்குப் பிறகு அவர் எங்களோடு பேசவில்லை.

அவருடைய கோபத்துக்கு ஏது இருந்தது. கல்வராயன் மலை என்றாலே சாராயம் என்று கீழே இருப்பவர்களுக்குப் பாடம். மலையில் ஊறல் போட்டுக் காய்ச்சுவது நெடுங்காலமாக இருந்துவருகிறது. இல்லையென்று அவரும் சொல்லமாட்டார். ஆனால் கருணாபுரத்தில் கொன்றது மெத்தனால். அது வெல்லத்தையும் பட்டையையும் ஊறவைத்து இறக்குகிற சரக்கல்ல. தொழிற்சாலைகளில் புழங்குகிற கரைப்பான். உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாகிக் கண்ணை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு உயிரை எடுப்பது. அதைக் கொண்டுவர ஆள் வேண்டும், விற்க ஆள் வேண்டும், பார்த்தும் பார்க்காமலிருக்க ஆள் வேண்டும். இந்த ஆட்களை எல்லாம் ஒரே பாட்டில் கருவுக்குள் அனுப்பிவிட்டோம். மலையாளி மக்களுக்கோ கருவுக்கு வெளியே வேறொரு சரித்திரம் இருக்கிறது. நாடு 1950-ல் குடியரசாயிற்று. அந்த மலை 1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் கீழ் இருந்தது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் வாழும் நிலையைப் பற்றித் தானாகவே வழக்கு எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதில் எது பிராரத்தம், எது அலட்சியம் என்று பிரித்துச் சொல்ல வேண்டியது பாட்டை அனுப்பியவரின் கடன்.

சித்தாந்தம் இதற்குப் பதில் வைத்திருக்கவில்லையா என்றால், வைத்திருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். அதே இரண்டாம் சூத்திரத்தில், நண்பர் பெயர்த்த பாட்டுக்குச் சில பாட்டுகள் தள்ளி, வினை என்பதற்கே இலக்கணம் வருகிறது. மனம், வாக்கு, காயத்தால் உயிர்களுக்கு நல்லது செய்வது இதம், அல்லாதது அகிதம் என்பது அங்கே கணக்கு. அதாவது வினை என்றால் இன்னொரு உயிருக்கு நான் செய்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால், பாவம் செய்கிறவனை அரசன் பிடித்துத் தண்டிப்பதும் ஈசன் காரியம்தான் என்று அருள்நந்தி சொல்கிறார். தண்டனையையும் வினைக் கணக்குக்குள்ளேயே சேர்த்திருக்கிறார் மனிதர். சஞ்சிதம், பிராரத்தம் என்று நிறுத்திவிடாமல் ஆகாமியம் என்று மூன்றாவதாக ஒன்று இருப்பதும் இதற்காகத்தான். விற்றவன் அன்றைக்குச் செய்தது ஆகாமியம், புது வினை. பாட்டைப் படித்து 'அபாரம்' போட்டவர்கள் செய்ததும் அதுவே. முழு நூலில் குற்றவாளிக்கு இடம் இருக்கிறது. பெயர்த்த பத்தியில் செத்தவனுக்கு மட்டுமே இடம்.

வினைக் கொள்கை முழுவதும் எனக்குச் சம்மதம் என்று இதை வைத்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். எனக்கு உலகாயதன்தான் நெருங்கின உறவு. ஆனால் நான் மறுக்க விரும்பும் நூலைக்கூட முழுசாக மறுக்கவே விரும்புகிறேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிடுகிறது இந்தப் பத்தி வியாபாரம்.

இதற்கு என் நண்பர்கள் சொல்லும் சமாதானம் எனக்குத் தெரியும். 'கவிதை வாசகனுக்கு ஒரு வரி போதும், வாதம் பண்டிதனுக்கு, அந்த இருண்மையே ஒரு அனுபவம்.' எழுபதுகளிலிருந்து நாம் இருண்மைக்குக் கொடுத்துவந்த மரியாதையை எடுத்துச் சாஸ்திரத்தின் தோளில் போர்த்துகிறார்கள். கவிதை தன்னைத்தானே தாங்கி நிற்கிறது. அதில் ஒரு வரி மேல் ஏறினால் மற்ற வரிகள் கோபித்துக்கொள்வதில்லை. சாஸ்திர வாக்கியம் பாலத்தின் நடுக்கண். இரண்டு பக்கமும் இடித்துவிட்டு நடுக்கண்ணை மட்டும் அந்தரத்தில் நிறுத்தி 'என்ன சௌந்தர்யம்' என்பது ரசனையல்ல, சோம்பல். நான் என் கவிதைத் தொகுதி ஒன்றுக்கு ஈட்டிலிருந்து மூன்று வரியை முகப்பில் போட்டிருந்தேன். ஈட்டில் ஒரு பாசுரத்துக்கு ஆளவந்தார் சொன்னது ஒன்று, எம்பெருமானார் சொன்னது ஒன்று, பட்டர் சொன்னது ஒன்று என்று கருத்து வேறுபாடுகளை வரிசையாகப் பதிந்திருக்கும் இடங்கள் உண்டு. நான் போட்டது அப்படியொரு இடத்தில் ஒரே ஒருவருடைய கட்சி. அதை நான் அறியவில்லை. அந்தத் தொகுதிக்கு மதிப்புரை எழுதிய யாரும் அறியவில்லை. எல்லோரும் என் 'ஆழ்ந்த வைணவப் பிரக்ஞை'யைப் பாராட்டினார்கள்.

மறுபக்கத்திலிருந்து பண்டிதர் வருகிறார். நான் அவர் கட்சி என்று நினைத்து என் தோளைத் தட்டுகிறார். குருமுகமாகக் கேட்காமல் சாஸ்திரத்தைத் தொடாதே என்பது அவர் வாதம். அது வேண்டாம். சிவஞான முனிவரின் மாபாடியம் நெடுங்காலம் ஆதீனத்துக்குள்ளேயே இருந்து பிறகுதான் அச்சேறியது. ஈடும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கென்று தலைமுறை தலைமுறையாக ரகசியமாகவே போயிற்று என்று சம்பிரதாயம் சொல்கிறது. பூட்டு எதைக் காப்பாற்றியது? புத்தகத்தை. வாசகனை அல்ல. அந்த மாபாடியக்காரர் பூட்டுக்குள் அடங்கினவரும் அல்ல. 'எடுத்து' என்ற ஒற்றைச் சொல்லுக்காக வைரக்குப்பாயம் என்று ஒரு கண்டன நூல் எழுதியவர். ஒரு சொல்லுக்காக அவ்வளவு தூரம் சண்டை பிடித்த மரபின் வாரிசுகள்தான் 'அபாரம்' என்கிறோம். நண்பர்கள் பகிர்ந்துகொள்ளட்டும். நாளைக்குப் பத்துப் பகிரட்டும். ஏதுவோடு பகிரட்டும் என்பதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இந்த மண்ணிலேயே இதற்கு இரண்டு முன்னுதாரணங்கள் இருக்கின்றன. இரண்டும் பெரியபுராணத்தில் வருகின்றன. ஒன்று திருக்கோவலூர். போரில் வெல்ல முடியாத முத்தநாதன், நீறு பூசி, புத்தகக் கட்டோடு மெய்ப்பொருள் அரசனின் அந்தப்புரத்துக்கே வந்தான். எங்கும் கிடைக்காத ஆகமம் ஒன்று கொண்டுவந்திருப்பதாகச் சொன்னான். அரசன் அவனை மேலே உட்காரவைத்துத் தான் தரையில் அமர்ந்தான். கட்டைப் பிரித்தால் கத்தி. வேஷத்துக்குக்கூட வணங்கிய அன்பு என்று நாம் நாயனாரைக் கொண்டாடுகிறோம், கொண்டாடட்டும். எனக்கு வாசலில் தடுத்த தத்தன் ஞாபகம்தான் வருகிறது. கட்டுக்குள் என்ன என்று சந்தேகப்பட்டவன் அங்கே அவன் ஒருவன்தான்.

இன்னொன்று திருநாவலூர்ப் பிள்ளையின் கல்யாணம். கிழவர் ஒருவர் அடிமை ஓலையை நீட்டுகிறார். சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப்போடுகிறார். கிழித்தது படிதான், மூலம் வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர். வெண்ணெய்நல்லூர்ச் சபையார் என்ன செய்தார்கள்? 'அபாரம்' என்றா சொன்னார்கள்? மூல ஓலையைக் கொண்டா என்றார்கள். கரணத்தானை வாசிக்கச் சொன்னார்கள். பாட்டனின் பழைய கையெழுத்தைக் காப்பிலிருந்து எடுத்து வந்து ஒத்துப் பார்த்தார்கள். வந்திருப்பது யார் என்று அவர்களுக்குத் தெரியாது; தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பார்கள் என்று நம்ப எனக்கு ஆசை. பின்னால் மெய்கண்டார் வந்து உட்கார்ந்து ஏது கேட்டதும் அதே ஊரில்தான்.

சென்ற மாதம் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினேன். கையில் பரபக்கம். பழைய பிரதி, அட்டை இல்லை. ஆசிரிய நண்பர் வாசலில் நின்று 'வாங்க' என்றார். அதற்கு மேல் முகம் கொடுக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அதையும் அவர் பொருட்படுத்தவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு உலகாயதன் மதம் என்ற இடத்தைப் பிரித்து அவரிடம் கொடுத்தேன். தடுமாறித் தடுமாறி வாசித்தார். பதம் பிரிக்க நான் உதவினேன். அவன் பேச்சு முடிந்தபோது நிமிர்ந்து பார்த்தார்.

"இவன் கேக்குறது சரிதானே சார்?"

"சரிதான். அடுத்தாப்ல மறுதலை வருது."

"அது இருக்கட்டும். இவனை இன்னொரு தடவை வாசிப்போம்."

இரண்டு முறை வாசித்தோம். கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் மறுதலைக்குப் போகவில்லை. புத்தகம் அவரிடம் இருக்கிறது.